கோடையில் மரம் காப்போம்

காலை மணி ஐந்து. சால்ட் லேக்கில் விடிந்துவிட்டது.

சால்ட் லேக் கொல்கத்தா நகரத்தின் கிழக்கு ஓரத்தில் இருக்கிறது. கிழக்கே இருக்கும் ஊர் என்பதால் அங்கே சூரியன் சீக்கிரம் எழுந்துவிடும். மே மாதத்தில் சென்னையில் விடிவதற்கு முக்கால் மணி நேரம் முன்பே அங்கே வெளிச்சம் வந்துவிடும்.

அந்த நேரத்திலேயே தோட்டக்காரர்கள் வேலைக்கு வந்துவிடுவார்கள். அங்கே தோட்டக்காரரை 'மாலி' என்று அழைக்கிறார்கள். ஒரே மாலி நாலைந்து வீட்டுத் தோட்டங்களைப் பார்த்துக்கொள்வதும் உண்டு. வெயில் ஏறுவதற்குள் எல்லாச் செடிகளுக்கும் தண்ணீர் காட்டியாக வேண்டும்.

மல்லிகை, செம்பருத்தி, எலுமிச்சை, துளசி, மா, வேம்பு என்று பலவும் அங்கே வளர்கின்றன. நம் ஊரில் வளர்பவையும் இவைதான். அவற்றை வாட்டும் வெயிலும் ஒன்றுதான். அதனால் சால்ட் லேக்கில் கற்கும் பாடம் நமக்கும் பயன்படும்.

ஏரி ஊரான கதை

சால்ட் லேக் என்றால் உப்பு ஏரி என்று பொருள். ஒரு காலத்தில் அங்கே வீடும் இல்லை, தெருவும் இல்லை. உப்பு நீர் தேங்கிய ஏரிகளும் சதுப்பு நிலமும்தான் இருந்தன.

கொல்கத்தாவில் மக்கள் தொகை பெருகியது. குடியிருக்க இடம் போதவில்லை. அப்போது மேற்கு வங்க முதலமைச்சராக இருந்தவர் டாக்டர் பிதான் சந்திர ராய். அவர் பெயர் பெற்ற மருத்துவர். ஏரியை மேடாக்கிப் புதிய ஊர் அமைக்க அவர் திட்டமிட்டார். 1962-ஆம் ஆண்டில் வேலை தொடங்கியது. அதே ஆண்டு ஜூலை 1-ஆம் நாள் அவர் காலமானார். அவர் பெயரால்தான் அந்த ஊருக்கு பிதான்நகர் என்ற பெயரும் வந்தது.

ஏரியை மேடாக்க மண் எங்கிருந்து வந்தது? ஹூக்ளி ஆற்றின் அடியில் படிந்திருந்த மணலையும் வண்டலையும் தோண்டினார்கள். அதைத் தண்ணீரோடு கலந்து, குழாய் வழியாகப் பல கிலோமீட்டர் தூரம் தள்ளிக் கொண்டுவந்தார்கள். ஏரியில் கொட்டினார்கள். தண்ணீர் வடிந்தது. மண் தங்கியது. அந்த மண்ணின் மேல்தான் ஊர் எழுந்தது.

இந்தக் கதைக்கும் செடிக்கும் என்ன தொடர்பு?

தொடர்பு உண்டு. ஆற்று மணல் கலந்த மண் தண்ணீரை நெடுநேரம் பிடித்து வைக்காது. காலையில் ஊற்றிய நீர் சீக்கிரமே இறங்கிவிடும். களிமண் அப்படி இல்லை. அது நீரை மெல்லக் குடிக்கும், நெடுநாள் வைத்திருக்கும். ஆனால் காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும்.

ஆகவே, செடிக்கு நீர் ஊற்றும் முன் நம் மண் எப்படிப்பட்டது என்று அறிய வேண்டும். ஈர மண்ணைக் கையில் எடுத்து உருட்டிப் பாருங்கள். உருண்டை பிடித்தால் அது களிமண். உதிர்ந்துபோனால் மணல் மண். மணல் மண்ணுக்கு அடிக்கடி நீர் வேண்டும். களிமண்ணுக்கு இடைவெளி விட்டு ஊற்றலாம்.

2024-ஆம் ஆண்டின் வெயில்

கொல்கத்தாவில் கோடைக்காலம் புழுக்கமாக இருக்கும். காற்றில் ஈரம் அதிகம். உடம்பு வியர்த்துக் கொட்டும். ஆனால் சில நாட்களில் மேற்கே இருந்து வறண்ட காற்று வீசும். அப்போது வெயில் ஏறும், ஈரம் குறையும்.

2024-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அப்படித்தான் நடந்தது. நாள் கணக்கில் அனல் அடித்தது. அந்த ஆண்டு ஏப்ரல் 30-ஆம் நாள் கொல்கத்தாவின் அலிப்பூரில் வெப்பம் 43 டிகிரி செல்சியசைத் தொட்டது. பள்ளிகளுக்கு முன்கூட்டியே விடுமுறை விட்டார்கள்.

சமவெளிப் பகுதியில் வெப்பம் 40 டிகிரியை எட்டி, வழக்கத்தைவிட 4.5 டிகிரி கூடுதலாகவும் இருந்தால் அதை 'வெப்ப அலை' என்று வானிலைத் துறை சொல்கிறது.

வெப்ப அலை வந்தால் மனிதன் நிழலுக்குப் போகலாம். மாடு மரத்தடிக்குப் போகும். மரம் எங்கே போகும்? அது நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். அதற்கு நாம்தான் துணை.

செடி தண்ணீரை என்ன செய்கிறது?

செடியின் இலையில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய துளைகள் உண்டு. அவற்றை இலைத்துளைகள் என்பார்கள். வேர் மண்ணிலிருந்து நீரை உறிஞ்சுகிறது. அந்த நீர் தண்டு வழியாக ஏறுகிறது. இலைத்துளை வழியாக ஆவியாக வெளியேறுகிறது.

வேர் உறிஞ்சும் நீரில் நூற்றுக்கு 95 பங்குக்கும் மேல் இப்படி ஆவியாகப் போய்விடும். மீதி உள்ள சிறு பங்குதான் செடியின் வளர்ச்சிக்கு உதவுகிறது.

அப்படியானால் இந்த நீர் வீணா? இல்லை. நமக்கு வியர்க்கிறது. வியர்வை காயும்போது உடம்பு குளிர்கிறது. செடிக்கும் அதேபோலத்தான். நீர் ஆவியாகும்போது இலை குளிர்கிறது. சுற்றியுள்ள காற்றும் குளிர்கிறது. கூரையின் நிழலைவிட மரத்தின் நிழல் இதமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வெயில் அதிகமானால் நீர் வேகமாக ஆவியாகும். வேர் அதே வேகத்தில் நீரை அனுப்ப வேண்டும். முடியாவிட்டால் செடி இலைத்துளைகளை மூடிக்கொள்ளும். துளை மூடினால் காற்று உள்ளே வராது. உணவு தயாரிக்கும் வேலை குறையும். வளர்ச்சி நின்றுபோகும். இது பல நாள் நீடித்தால் இலை கருகும், உதிரும். கடைசியில் செடி பட்டுப்போகும்.

வாட்டம் இரண்டு வகை

நண்பகலில் செடி தலை தொங்கிக் கிடக்கும். அதைப் பார்த்ததும் பலர் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். அவசரப்பட வேண்டாம்.

மாலையில் அதே செடியைப் பாருங்கள். இலைகள் நிமிர்ந்துவிட்டனவா? அப்படியானால் மண்ணில் ஈரம் இருக்கிறது. வெயிலின் வேகத்தில் செடி சிறிது நேரம் தளர்ந்திருந்தது. அவ்வளவுதான்.

மாலையிலும் நிமிரவில்லையா? மறுநாள் காலையிலும் தொங்குகிறதா? அப்படியானால் அதற்குத் தாகம். உடனே நீர் ஊற்ற வேண்டும்.

ஐயம் இருந்தால் விரலைக் கேளுங்கள். ஆள்காட்டி விரலை மண்ணில் இரண்டு அங்குலம் நுழையுங்கள். விரலில் ஈர மண் ஒட்டினால் நீர் வேண்டாம். காய்ந்த மண்ணாக இருந்தால் நீர் ஊற்றலாம்.

ஈரம் இருந்தும் செடி வாடுகிறதா? அப்போது நீர் அதிகமாகி வேர் அழுகி இருக்கலாம். வேருக்கும் காற்று வேண்டும். எப்போதும் சேறாக இருக்கும் மண்ணில் வேர் மூச்சு விட முடியாது. கோடையில் தாகத்தால் சாகும் செடியும் உண்டு. அன்பு மிகுந்து நீரைக் கொட்டியதால் சாகும் செடியும் உண்டு.

எப்போது ஊற்றுவது?

அதிகாலைதான் நல்ல நேரம். மண் குளிர்ந்திருக்கும். ஊற்றிய நீர் ஆவியாகும் முன் வேருக்குப் போய்ச் சேரும். பகல் வெயிலைத் தாங்கச் செடி தயாராகிவிடும்.

காலையில் முடியாவிட்டால் மாலையில் ஊற்றலாம். வெயில் தாழ்ந்த பிறகு ஊற்ற வேண்டும். அப்போது இலை முழுவதையும் நனைக்க வேண்டாம். இரவெல்லாம் இலை ஈரமாக இருந்தால் பூஞ்சை நோய் வரும். வேரடி மண்ணுக்கு மட்டும் நீர் விட்டால் போதும்.

நண்பகலில் ஊற்றினால் நீரில் ஒரு பங்கு ஆவியாகிப் போகும். ரப்பர் குழாயில் ஊற்றுவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வெயிலில் கிடந்த குழாய்க்குள் இருக்கும் நீர் சுடும். அதை அப்படியே செடிக்கு விட்டால் வேர் கெடும். சுடுநீர் வெளியேறும் வரை ஒரு வாளியில் பிடித்து வையுங்கள். ஆறியதும் அதையே ஊற்றலாம்.

எவ்வளவு ஊற்றுவது? எங்கே ஊற்றுவது?

தினமும் கொஞ்சம் தெளிப்பது தவறான பழக்கம். மேல் மண் மட்டும் நனையும். வேர் நீரைத் தேடி மேலேயே சுற்றும். மேல் மண் காய்ந்ததும் வேரும் காய்ந்துபோகும்.

ஒருமுறை ஊற்றினால் நன்றாக ஊற்ற வேண்டும். நீர் ஓர் அடி ஆழமாவது இறங்க வேண்டும். அடுத்த முறைக்கு முன் மேல் மண் சற்றுக் காயட்டும். இப்படிச் செய்தால் வேர் நீரைத் தேடி ஆழமாகப் போகும்.

நட்டு ஓர் ஆண்டு ஆகாத மரக்கன்றுக்கு இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஒரு குடம் நீர் வேண்டும். அதாவது சுமார் 15 லிட்டர். மணல் மண்ணாக இருந்தால் ஒன்று விட்டு ஒரு நாள் ஊற்றலாம். இது ஒரு பொதுக் கணக்குத்தான். விரல் சொல்லும் கணக்குதான் சரியான கணக்கு.

நன்றாக வேர் பிடித்த பெரிய மரத்துக்கு அடிக்கடி நீர் வேண்டாம். மழை இல்லாமல் வெயில் நீடித்தால் பத்து நாளுக்கு ஒருமுறை நிறைய நீர் விட்டால் போதும்.

எங்கே விடுவது? பலர் அடிமரத்தின் மேலேயே ஊற்றுகிறார்கள். அங்கே இருப்பது தடித்த வேர். அது மரத்தைத் தாங்கி நிற்கும் வேர். நீரை உறிஞ்சும் மெல்லிய வேர்கள் தள்ளி இருக்கும்.

நண்பகலில் மரத்தின் நிழல் எதுவரை விழுகிறது என்று பாருங்கள். அந்த நிழலின் ஓரத்தை ஒட்டி வட்டமாகப் பாத்தி கட்டுங்கள். அந்தப் பாத்தியில் நீர் விடுங்கள். கன்றாக இருந்தால் தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி வட்டப்பாத்தி கட்டலாம். மரம் வளர வளர, பாத்தியையும் அகலமாக்க வேண்டும்.

மண்ணுக்கு ஒரு போர்வை

வெறும் மண் வெயிலில் சுடும். கால் வைக்க முடியாது. அந்த மண்ணில் இருக்கும் ஈரமும் பறந்துவிடும். இதைத் தடுக்க மண்ணை மூட வேண்டும். இதற்கு 'மூடாக்கு' என்று பெயர்.

உதிர்ந்த சருகு, வைக்கோல், காய்ந்த புல், தென்னை நார்க் கழிவு, கரும்புத் தோகை என்று எதையும் போடலாம். மூன்று நான்கு அங்குல கனம் இருந்தால் நல்லது. மூடாக்கு வெயிலைத் தடுக்கும், ஈரத்தைக் காக்கும், களையை அடக்கும். நாளடைவில் மட்கி உரமாகவும் மாறும்.

ஒன்றை மறக்க வேண்டாம். மூடாக்கு தண்டைத் தொடக் கூடாது. நான்கு விரல் இடைவெளி விடுங்கள். தண்டோடு ஒட்டினால் பட்டை அழுகும். கரையானும் ஏறும்.

சருகைக் கூட்டித் தீ வைப்போர் உண்டு. அது கோடையில் மிகவும் ஆபத்து. புகை மூச்சைக் கெடுக்கும். அருகில் உள்ள வேரும் கருகும். மரம் உதிர்த்த இலையை மரத்துக்கே போர்த்துங்கள்.

தொட்டிச் செடிக்குக் கூடுதல் கவனம்

தரையில் உள்ள செடிக்கு வேர் ஓட இடம் உண்டு. தொட்டிச் செடிக்கு அது இல்லை. தொட்டியில் உள்ள மண்தான் அதன் உலகம். அது சீக்கிரம் காயும். மொட்டை மாடியில் இருந்தால் இன்னும் சீக்கிரம் காயும். மேலே வெயில், கீழே சுடும் சிமெண்டுத் தளம்.

தொட்டியைச் செங்கல்லின் மேலோ மரப்பலகையின் மேலோ வையுங்கள். தொட்டிகளை நெருக்கி வையுங்கள். ஒன்றின் நிழல் மற்றொன்றுக்கு உதவும். பெரிய செடிகளை மேற்கே வைத்தால் பிற்பகல் வெயிலை அவை தாங்கிக்கொள்ளும். மென்மையான செடிகளுக்கு மேலே நிழல்வலை கட்டலாம். பழைய வெள்ளைப் புடவையும் போதும். காற்று புகும்படி உயரத்தில் கட்ட வேண்டும்.

தொட்டியின் அடித்துளை வழியாக நீர் கசியும் வரை ஊற்ற வேண்டும். அப்போதுதான் அடிவேர் வரை ஈரம் சேரும். மண் மிகவும் காய்ந்து சுருங்கிவிட்டால் நீர் ஓரமாகவே வழிந்து ஓடிவிடும். அப்படிப்பட்ட தொட்டியை நீர் நிறைந்த பெரிய வாளியில் அரை மணி நேரம் வையுங்கள். மண் ஊறிவிடும்.

துளசிக்கு மேலே ஒரு கலயம்

வங்காளத்தில் ஒரு பழைய வழக்கம் உண்டு. சித்திரை மாதத்தை ஒட்டி அங்கே வைசாக மாதம் பிறக்கும். அந்த மாதத்தில் துளசிச் செடிக்கு மேலே ஒரு மண்கலயத்தைக் கட்டித் தொங்கவிடுவார்கள். கலயத்தின் அடியில் சிறிய துளை இருக்கும். கலயத்தில் நீர் ஊற்றினால் துளி துளியாகத் துளசியின் மேல் விழும். மழை வரும் வரை துளசி வாடாது.

இது பக்தியால் வந்த வழக்கம். இதில் அறிவும் இருக்கிறது. இன்று சொட்டுநீர்ப் பாசனம் என்கிறோமே, அதன் வழியும் இதுதான். கொஞ்சம் நீர், மெதுவாக, வேருக்கு அருகில்.

இதை நாமும் செய்யலாம். பழைய பிளாஸ்டிக் பாட்டிலின் மூடியில் ஊசியால் சிறு துளை போடுங்கள். பாட்டிலின் அடியை அறுத்துவிடுங்கள். தலைகீழாகக் கன்றின் அருகே ஒரு குச்சியில் கட்டுங்கள். நீர் ஊற்றுங்கள். மெல்லச் சொட்டும்.

பானைப் பாசனமும் நல்ல முறைதான். சுட்ட மண்பானையைக் கழுத்து வரை மண்ணில் புதைக்க வேண்டும். நீர் நிரப்பி வாயை மூட வேண்டும். பானையின் சுவர் வழியாக நீர் கசியும். பக்கத்தில் உள்ள வேர் அதைக் குடிக்கும். உள்ளே வண்ணம் பூசாத, மெருகு ஏற்றாத பானையாக இருக்க வேண்டும்.

எந்தத் தண்ணீரை ஊற்றலாம்?

கோடையில் மனிதருக்கே தண்ணீர்ப் பஞ்சம். செடிக்கு எங்கே போவது என்று கேட்கலாம். வீட்டில் கொட்டும் நீரே போதும்.

அரிசி களைந்த நீர், காய்கறி கழுவிய நீர், பாத்திரத்தை முதலில் அலசிய நீர் ஆகியவற்றை ஊற்றலாம். குளிர்பதனப் பெட்டியிலிருந்து சொட்டும் நீரையும் வாளியில் பிடித்து ஊற்றலாம்.

சோப்புக் காரம் மிகுந்த நீர் வேண்டாம். உப்புப் போட்டு வேகவைத்த நீரும் வேண்டாம். உப்பு மண்ணில் தங்கினால் வேர் நீரை உறிஞ்ச முடியாது. பக்கத்தில் நீர் இருந்தும் செடி தாகத்தால் வாடும். தொட்டி மண்ணின் மேல் வெள்ளையாகப் பூத்திருந்தால் அது பெரும்பாலும் உப்புதான். மேல் மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டு, நல்ல நீரை நிறைய விட்டு அடித்துளை வழியாக வடிய விடுங்கள்.

கொசுவுக்கு இடம் தர வேண்டாம்

தொட்டியின் அடியில் தட்டு வைப்பார்கள். தட்டில் நீர் தேங்கும். அந்த நீரில் ஏடிஸ் கொசு முட்டையிடும். டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு அதுதான். அது பகலில் கடிக்கும். நல்ல நீரில் வளரும்.

டெங்கு கொல்கத்தாவுக்குப் புதியது அல்ல. 1963-ஆம் ஆண்டிலேயே அந்த நகரத்தில் ரத்தக்கசிவு டெங்கு பெரிய அளவில் பரவி உயிர்களைக் கொண்டுபோனது. இன்றும் மழைக்காலம் வந்தால் அங்கே டெங்கு பயம் உண்டு.

ஆகவே, வாரத்துக்கு ஒருமுறையாவது தட்டின் நீரைக் கொட்டி, தட்டைத் தேய்த்துக் காயவையுங்கள். தேய்க்காவிட்டால் ஓரத்தில் ஒட்டிய முட்டை அப்படியே இருக்கும். கலயத்தையும் நீர்த் தொட்டியையும் துணியால் மூடி வையுங்கள். செடியைக் காப்பதற்காகப் பிள்ளைகளுக்குக் காய்ச்சலை வரவழைக்கக் கூடாது.

கோடையில் செய்யக் கூடாதவை

கடும் வெயிலில் ரசாயன உரம் போடாதீர்கள். ஈரம் குறைந்த மண்ணில் உரம் வேரைச் சுட்டுவிடும். மழை தொடங்கியதும் போடலாம்.

கிளைகளை அதிகமாக வெட்டாதீர்கள். இலைதான் மரத்துக்குக் குடை. குடையை எடுத்தால் பட்டையில் வெயில் பட்டு வெடிக்கும். காய்ந்த கிளையை மட்டும் நீக்கலாம்.

வெயில் காலத்தில் செடியை இடம் மாற்றி நடாதீர்கள். புதுக் கன்று நடுவதற்கு மழைக்காலமே ஏற்றது.

கருகிய இலையைப் பார்த்துச் செடி செத்துவிட்டது என்று பிடுங்காதீர்கள். பட்டையை நகத்தால் இலேசாகக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. மழை வந்ததும் தளிர்க்கலாம்.

வறண்ட காலத்தில் செஞ்சிலந்தி என்னும் சிறு பூச்சி வரும். இலையின் அடியில் மெல்லிய நூலாம்படை தெரியும். இலை மங்கிப் புள்ளி விழும். காலையில் இலையின் அடிப்புறத்தை நீரால் பீய்ச்சிக் கழுவினாலே பெரும்பாலும் குறைந்துவிடும். குறையாவிட்டால் ஒரு லிட்டர் நீரில் ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளிக்கலாம்.

மரத்தின் கழுத்தை நெரிக்க வேண்டாம்

நகரங்களில் மரத்தைச் சுற்றிச் சிமெண்டு பூசிவிடுகிறார்கள். நடைபாதை அழகாக இருக்கிறது. ஆனால் மரத்துக்கு நீர் எப்படிப் போகும்? காற்று எப்படிப் போகும்?

2013-ஆம் ஆண்டில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தில்லி நகருக்கு ஓர் உத்தரவு போட்டது. மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் அளவுக்குச் சிமெண்டை அகற்ற வேண்டும் என்றது. அந்த ஒரு மீட்டர் மண் எந்த ஊர் மரத்துக்கும் வேண்டும். மரத்தில் ஆணி அடிப்பதும், கம்பி சுற்றுவதும், அடியில் குப்பை எரிப்பதும் கூடாது.

காற்றும் மரமும்

வங்காளத்தில் கோடையின் நடுவே திடீரென்று வானம் கறுக்கும். வடமேற்கிலிருந்து புயல் போலக் காற்று வீசும். இடி இடிக்கும். மழை கொட்டும். இதற்குக் 'கால்வைசாகி' என்று பெயர். வெயிலில் வெந்த மக்கள் இதற்காகக் காத்திருப்பார்கள். ஆனால் இந்தக் காற்றில் மரங்களும் சாயும்.

2020-ஆம் ஆண்டு மே 20-ஆம் நாள் ஆம்பன் புயல் வந்தது. கொல்கத்தாவில் மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் அதிக வேகத்தில் காற்று அடித்தது. ஆயிரக்கணக்கான மரங்கள் விழுந்தன. சால்ட் லேக்கிலும் தெருத் தெருவாக மரங்கள் சாய்ந்து கிடந்தன. நிழலாக நின்ற மரங்கள் ஒரே இரவில் போய்விட்டன.

கொல்கத்தாவை ஒட்டி, ஆற்றுக்கு அக்கரையில் ஹவுராவில் 1787-ஆம் ஆண்டில் தொடங்கிய தாவரவியல் பூங்கா இருக்கிறது. அங்கே 250 ஆண்டுகளுக்கும் மேலான ஆலமரம் ஒன்று உண்டு. பழைய புயல்களில் அதன் தாய்த்தண்டு காயம்பட்டது. பூஞ்சை பிடித்து அழுகியது. 1925-ஆம் ஆண்டில் தாய்த்தண்டையே அகற்றிவிட்டார்கள். ஆனாலும் மரம் சாகவில்லை. நூற்றுக்கணக்கான விழுதுகள் அதைத் தாங்கின. ஆம்பன் புயல் அதில் ஒரு பகுதியைச் சாய்த்தது. அப்போதும் மரம் பிழைத்துக்கொண்டது.

எல்லா மரத்துக்கும் விழுது இல்லை. மற்ற மரங்களுக்கு வேர்தான் கால். கோடையில் மேலாக நீர் தெளித்தால் வேர் மேலாகவே ஓடும். அப்படிப்பட்ட மரம் காற்றைத் தாங்காது. ஆழமாக நீர் விட்டு, வேர் பரவ இடமும் விட்டால் மரம் ஊன்றி நிற்கும். கோடையில் நாம் ஊற்றும் ஒவ்வொரு குடமும் புயலைத் தாங்க மரத்துக்குக் கால் கொடுக்கிறது.

புதுக் கன்றுக்குத் தாங்குகம்பு நடுங்கள். கம்பையும் கன்றையும் பழைய துணியால் தளர்வாகக் கட்டுங்கள். இறுக்கினால் கயிறு பட்டையை அறுத்துவிடும். மின்கம்பியின் மேல் சாய்ந்த மரத்தை யாரும் தொடக் கூடாது. மின்வாரியத்துக்கும் நகராட்சிக்கும் சொல்ல வேண்டும்.

நீர் ஊற்றுகிறவரையும் காப்போம்

செடி வாடினால் எல்லோரும் பார்க்கிறார்கள். செடிக்கு நீர் ஊற்றுகிறவர் வாடினால் யார் பார்ப்பது?

தோட்ட வேலை வெயில் வேலை. காலை பத்து மணிக்குள் கடின வேலையை முடித்துக்கொள்வது நல்லது. மீதி வேலையை மாலை நான்கு மணிக்குப் பிறகு செய்யலாம். தலையில் துண்டு கட்ட வேண்டும். தாகம் எடுக்கும் முன்பே நீர் குடிக்க வேண்டும். வங்காளத்தில் கோடையில் பழைய சோறு சாப்பிடுவார்கள். அதைப் 'பாந்தா பாத்' என்கிறார்கள். நம் நீராகாரமும் மோரும் அதைப் போன்றவைதான்.

அதிகமாக வியர்த்தால் உடம்பிலிருந்து உப்பும் போய்விடும். அப்போது உப்பு சர்க்கரைக் கரைசல் குடிக்கலாம். காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் போட்டுக் கலக்க வேண்டும். இந்தக் கரைசலின் பெருமை மேற்கு வங்காளத்தில்தான் வெளிப்பட்டது. 1971-ஆம் ஆண்டில் பன்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. அப்போது டாக்டர் திலிப் மஹலானபிஸ் இத்தகைய கரைசலைக் கொடுத்துப் பலர் உயிரைக் காத்தார்.

வெயிலில் ஒருவர் உளறினாலோ, மயங்கினாலோ, உடம்பு அனலாகக் கொதித்தாலோ அது ஆபத்து. உடனே நிழலுக்குக் கொண்டுபோங்கள். ஈரத் துணியால் உடம்பைத் துடைத்து விசிறுங்கள். மயங்கியவர் வாயில் நீர் ஊற்றாதீர்கள். தாமதம் இல்லாமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

வீட்டுக்காரரும் ஒன்று செய்யலாம். தோட்டக்காரர் வந்ததும் ஒரு செம்பு குளிர்ந்த நீர் கொடுக்கலாம். நண்பகலில் வேலை சொல்லாமல் இருக்கலாம்.

மழை வரும் வரை

ஜூன் மாதம் இரண்டாம் வாரத்தில் பெரும்பாலும் கொல்கத்தாவுக்குப் பருவமழை வந்துவிடும். அதுவரை மூன்று மாத வெயில். அந்த மூன்று மாதத்தைக் கடந்துவிட்டால் கன்று பிழைத்துக்கொள்ளும். நட்ட முதல் இரண்டு கோடைகள்தான் கன்றுக்குக் கண்டம். அதன் பிறகு வேர் தானே நீரைத் தேடிக்கொள்ளும்.

மரம் நடும் விழாக்கள் ஊர் ஊராக நடக்கின்றன. நட்ட கன்றுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அடுத்த கோடையில் அந்தக் கன்று எங்கே? பல இடங்களில் வெறும் குழிதான் இருக்கிறது.

'மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான்' என்பது நம் பழமொழி. கடவுளை நம்பச் சொல்லும் பழமொழி அது. ஆனால் தெருவில் நிற்கும் வேப்பங்கன்றுக்கு மரம் வைத்தவர் நாம்தான். தண்ணீர் ஊற்ற வேண்டியவரும் நாம்தான்.

நினைவில் வைப்போம்

1. அதிகாலையில் நீர் ஊற்றுவோம்.
2. விரலால் மண்ணைத் தொட்டுப் பார்த்த பிறகு ஊற்றுவோம்.
3. அடிக்கடி தெளிக்காமல், ஆழமாக ஊற்றுவோம்.
4. சருகால் மண்ணை மூடுவோம். தண்டைத் தொடாமல் மூடுவோம்.
5. தட்டில் தேங்கிய நீரை வாரம் ஒருமுறை கொட்டுவோம்.
6. மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் மண் விடுவோம்.
7. வெயிலில் வேலை செய்வோருக்கு நீரும் நிழலும் தருவோம்.

பேசிப் பார்ப்போம்

உங்கள் தெருவில் சென்ற ஆண்டு நட்ட கன்றுகள் எத்தனை? இப்போது உயிரோடு இருப்பவை எத்தனை?

உங்கள் வீட்டில் ஒரு நாளில் எத்தனை குடம் நீர் வீணாகப் போகிறது? அதில் எத்தனை குடம் செடிக்கு உதவும்?

உங்கள் தெருவில் சிமெண்டு சூழ்ந்த மரம் உண்டா? அதற்கு வழி செய்ய யாரிடம் மனு கொடுக்க வேண்டும்? குழுவாகச் சேர்ந்து அந்த மனுவை எழுதுங்கள்.